பகேரியா வீட்டுச் சுவரில் ஒரு புள்ளடி

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இத்தாலியின் பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கினேன். கோவையிலிருந்து மூன்று விமானங்கள், இருபத்தாறு மணி நேரம். நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். ரயில் கட்டணம் ஆறு யூரோ எண்பது சென்ட். இடப்பக்கம் கடல் கூடவே வந்தது, வலப்பக்கம் மொட்டை மலைகள். நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. கைபேசியில் என் மகன் கதிர் அனுப்பிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. 'கதவில் நசுங்கிவிட்டது' என்று ஒரு வரி.

கதிர் இங்கே கட்டடக்கலையில் முதுகலை படிக்கிறான். பல்லரோ சந்தைக்குப் பின்னால் நான்காவது மாடியில் ஓர் அறை. வீட்டுக்கார அம்மா ராஜினி யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். வாசலிலேயே என் பெட்டியைப் பறித்துக்கொண்டார்.

"வாங்கோ ரீச்சர். பெட்டிக்கை என்ன, கோயம்புத்தூரையே அடைச்சுக்கொண்டு வந்தனீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதிர் கதவருகே நின்றான்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. கதவுலதான்..."

"உந்தக் கதை ஆஸ்பத்திரிக்குச் சொன்னது காணும் தம்பி," என்றார் ராஜினி. "அம்மாவுக்காவது உள்ளதைச் சொல்லு."

சொன்னான். வாரம் மூன்று நாள் ஹோட்டல் துணிகளுக்கான சலவைக்கூடம் ஒன்றில் வேலை. ஒப்பந்தம் எதுவும் இல்லை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் சுடு உருளைக்குள் இரண்டு விரல்கள் போயிருக்கின்றன. முதலாளி தன் காரிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாராம். வழியில், உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று முறை ஒப்பிக்க வைத்திருக்கிறார்: வீட்டில், கதவில், என் தவறு. மாற்றிச் சொன்னால் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டு, போய்விடும் என்றாராம்.

இரத்தம் சொட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வசனம் சொல்லிக்கொடுத்த மனிதர். ஆனால் அன்று மாலை நானும்தான் சொன்னேன்: "விடு கதிர். படிப்பு முடியட்டும். வாயைத் திறக்காதே."

ஞாயிற்றுக்கிழமை பகேரியாவுக்குப் போனோம். கிழக்கே ரயிலில் கால் மணி நேரப் பயணம். பழைய மாளிகைகளின் மதில்கள் மேல் கல்லில் செதுக்கிய கோரமுகங்கள், கீழே மருந்துக்கடையும் காய்கறி வண்டியும். ராஜினி அங்கே எண்பத்து நான்கு வயது மூதாட்டி ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை செய்கிறார். அவரை எல்லோரும் சிஞோரா என்றுதான் அழைக்கிறார்கள். கதிரின் கையைப் பற்றிக் கேள்விப்பட்டு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம். தலைப்பில் புகைபோக்கிகளின் படம் அச்சிட்டிருந்தது. சிஞோராவின் தாத்தா 1890களில் பலெர்மோ துறைமுகத்தில் கப்பலேறி, பென்சில்வேனியாவில் ஓர் எஃகு ஆலையில் வேலை பார்த்து, இரண்டு விரல்கள் குறைந்து திரும்பியவர். ஆலை அவருக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அது என்றார்கள். கூட்டெழுத்து ஆங்கிலம், வீட்டில் யாரும் முழுதாகப் படித்ததில்லை.

"ரீச்சர், உங்களை வாசிச்சுக் காட்டட்டாம்," என்றார் ராஜினி. "தாத்தாவை என்னெண்டு புகழ்ந்திருக்கினம் எண்டு கேக்கிறா."

நாற்காலி மேல் ஏறி நின்று படித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அந்தக் கால அமெரிக்கா எனக்குத் தலைகீழ்ப் பாடம்: ரயில் பாதைகள், எஃகு, எண்ணெய், வீங்கிய நகரங்கள், கப்பல் கப்பலாக வந்திறங்கிய கூலிகள். 'ஆலைகளில் விபத்துகள் மிகுந்தன' என்று குறிப்பில் ஒரு வரி உண்டு. ஒரு மதிப்பெண் வினா.

காகிதத்தில் இருந்தது இதுதான். இரண்டு விரல்களை இழந்தது முழுக்க என் சொந்தக் கவனக்குறைவால். ஆலைக்கு இதில் பொறுப்பு இல்லை. நானோ என் வாரிசுகளோ எதையும் கோர மாட்டோம். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு சாட்சிகள்.

நற்சான்றிதழ்தான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

"என்ன ரீச்சர், எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்குதுங்க ராஜினி. அதுதான் கஷ்டம்."

ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ராஜினி அதை இத்தாலிய மொழியில் சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. சிஞோரா முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு மேசையில் கையால் அடித்துப் பேசினார்.

"அவரோ கவனமில்லாத ஆள் எண்டு கேக்கிறா. தோட்டத்திலை ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூடக் கீழை விழ விடாத மனிசனாம். பிறகு, அவருக்கு எழுதத் தெரியுமாம் ரீச்சர். மாசா மாசம் வீட்டுக்குக் கடிதம் போட்டவராம். எழுதத் தெரிஞ்ச மனிசன் ஏன் புள்ளடி போட்டவர்?"

எல்லோருடைய பார்வையும் கதிரின் வலது கைக்குப் போனது. தாத்தாவிடமும் கைக்கட்டு அவிழ்வதற்கு முன்பே, பேனா பிடிக்க முடியாதபோதே, காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள்.

"அதே வசனந்தாங்கம்மா," என்றான் கதிர். "என் தப்புன்னு."

புறப்படும்போது ராஜினி சட்டத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார். சிஞோரா மறுத்துவிட்டார்.

"அங்கையே கிடக்கட்டாம். இனி வாற ஆக்களுக்கு உள்ளதைச் சொல்லுவாவாம்."

திரும்பும் ரயிலில் கதிரிடம், "உண்மையைச் சொல்லிடு," என்றேன்.

"பெர்மெஸ்ஸோ போனா?"

"போனா போகட்டும்," என்றேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு, ராஜினியையும் கூட்டிக்கொண்டு, போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு தொழிலாளர் உதவி அலுவலகத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். அங்கிருந்த பெண் அலுவலர் பொறுமையாகக் கேட்டார். ஒப்பந்தம் இல்லாதவருக்கும் விபத்துக் காப்பீடு உண்டு, பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி என்றார். மருத்துவமனைப் பதிவைத் திருத்த மனு எழுதித் தருகிறேன் என்றார். பெர்மெஸ்ஸோ பற்றி மட்டும் உறுதி தரவில்லை. கதிர் எல்லாவற்றையும் சொன்னான். உருளை முன்னால் இருக்க வேண்டிய விரல் தடுப்பை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருந்ததையும் சொன்னான். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

அச்செடுத்த தாளை நீட்டிய அலுவலர் அவன் கையைப் பார்த்துத் தயங்கினார்.

"கை ஏலாட்டில் ஒரு புள்ளடி போட்டால் காணுமாம்," என்றார் ராஜினி. "தான் சாட்சி வைக்கிறாவாம்."

"வேண்டாங்க அக்கா," என்றான் கதிர். பேனாவை இடது கையில் எடுத்தான்.

ஒவ்வோர் எழுத்தும் சரிந்து விழுந்தது. தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். பின்வரிசையில் யாரோ சத்தம் போட்டார். ராஜினி திரும்பி ஏதோ சொன்னதும் கூட்டமே சிரித்தது.

"என்னங்க சொன்னீங்க?"

"கட்டடம் படிக்கிற பிள்ளை வீட்டுப் படம் கீறுது, பொறுங்கோ எண்டன்."

கதிர் தன் பெயரையும் அப்பா பெயரையும் முழுதாக எழுதி முடித்தான்.

புதன்கிழமை அதே ரயிலில் திரும்பினேன். கடல் இப்போது வலப்பக்கம். மனுவுக்கு என்ன பதில் வரும் என்று தெரியாது. பயம் அப்படியே இருக்கிறது, கோபமும்தான். கோபத்தில் ஒரு பங்கு என் மேல். கோவையில் நாங்கள் இருக்கும் கணபதிப் பகுதியில், தெருமுனை லேத் பட்டறையில் போன ஆண்டு ஒருவருக்குக் கட்டைவிரல் போனது. 'ஆளுக்குக் கவனம் பத்தாது' என்று தெருவே சொன்னது. காய்கறி வாங்கிக்கொண்டே நானும் சொன்னேன். அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். ஊர் போனதும் அன்று என்ன நடந்தது என்று அவரிடம் கேட்க வேண்டும்.

முதலில் அவர் பெயரைக் கேட்க வேண்டும்.