தாயத்து கட்டிய கம்ப்யூட்டர்

திருச்சியில் கம்ப்யூட்டருக்குத் தாயத்து கட்டிய குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இன்றைக்கும் என் மகளின் லேப்டாப் ஒரு நொடி கறுத்துப்போனால் நான் முதலில் பார்ப்பது திரையை அல்ல, வாசல் கதவு திறந்திருக்கிறதா என்பதை. ஓடுவதற்கு வழி வேண்டும் இல்லையா?

அப்போது ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை லீவு. அத்தா, அதாவது எங்கள் அப்பா, சவூதியில். பாலக்கரை வீட்டில் அம்மா, அக்கா, நான். போன முறை ஊருக்கு வந்தபோது அத்தா ஒரு கம்ப்யூட்டரை வாங்கி நடு அறையில் வைத்து, "இனிமே இதுலயே மூஞ்சியப் பார்த்துப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நெட்டுக்காக டெலிபோன் வயர் முதலில் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் போய், அங்கிருந்து போனுக்கு வரும்.

முகம் தெரிகிற காலம் வரும்வரை எங்களுக்கு மணிச் சத்தம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, தங்கியிருந்த கம்பெனி கேம்ப்புக்குப் பக்கத்து பூத்திலிருந்து அத்தா போன் அடிப்பார். ஒரே ஒரு மணி. வைத்துவிடுவார். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். எடுத்தால் காசு என்பதால் எடுக்கக் கூடாது. அவசரம் என்றால் மட்டும் விடாமல் அடிப்பது என்று பேச்சு. அங்கே அவருக்கென்று போன் இல்லை, ஆகவே நாங்கள் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. அந்த ஒற்றை மணிக்காக அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போன் பக்கத்தில் போய் நிற்பாள், ஆளே வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி.

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். வழக்கமாக வரும் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒற்றை வரி இங்கிலீஷ்.

"என்னடா போட்டிருக்கு?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"ஏதோ மிஸ்ஸிங்காம்மா. காணாமப் போச்சாம்."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "யாரைக் காணோமாம்?"

"என், டி, எல், டி, ஆர்னு இருக்கு. வாயில நுழையல."

அவள் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டுவதைக் கவனிக்கவில்லை.

வைத்தியம் பார்க்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சென்டரில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்து, சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தவர். வந்ததும் மேசைமேல் இருந்த போனைத் தரையில் இறக்கினார். பெட்டியைத் திறந்து ஊதினார். தட்டினார். மூடினார். போனை மறுபடி மேலே வைத்தார். பிறகு ஏதோ ஒரு பித்தானை அழுத்தி, நீலத் திரை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் வரிசை வரிசையாக என்னென்னவோ, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எனேபிள்ட்', இல்லையென்றால் 'டிஸேபிள்ட்'.

"பாத்தியா மாப்ள, பாதியை ஆஃப் பண்ணி வித்திருக்கான் கடைக்காரன்" என்று எல்லாவற்றையும் எனேபிள்ட் ஆக்கினார்.

"என்னடா பண்ற?" என்றாள் அம்மா.

"எல்லாம் ஆன்ல இருந்தா நல்லதுதானேக்கா."

மறுபடி போட்டோம். காணவில்லை என்ற அதே வரி. "ஸ்ரீரங்கத்துல சாரைக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்காதீங்க, நான் உள்ள வெச்சதெல்லாம் அழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அது தானாக எழுந்தது.

தெருவில் காக்கைகூடக் கத்தாத உச்சி வெயில். அம்மாவும் அக்காவும் படுத்திருந்தார்கள். நான் தரையில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தேன். அறையில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு உறுமல். பச்சை விளக்கு. ஒரு 'பீப்'. கறுப்புத் திரையில், யாரையோ காணவில்லை.

ஜின்னைக் கண்டால் ஓத வேண்டிய குர்ஆன் ஆயத்து எனக்குத் தெரியும். ஓதிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒன்பதாம் வாய்ப்பாடு. அதையும் தப்பாகச் சொல்லிக்கொண்டே ஒற்றைச் செருப்போடு தெருமுனைவரை ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா எட்ட நின்று, ஒட்டடைக் குச்சியால் பித்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் எழுந்தது. அதற்கடுத்த நாளும். எப்போதும் அந்த மத்தியான நேரம்தான். எதிர்வீட்டு மாமி கேள்விப்பட்டு, "ஆளில்லாத வேளையில எந்திரிக்குதுன்னா அது மெஷினு இல்ல, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிய தாயத்தை அம்மா பெட்டியில் கறுப்புக் கயிற்றால் கட்டினாள். ஓதிய தண்ணீரையும் தெளிக்கப் போனாள். அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டாள்: "அம்மா, ஷாக் அடிச்சு நாமளும் மிஸ்ஸிங் ஆயிடுவோம்!"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை மணி அடிக்கவில்லை. முக்காட்டோடு நின்று பார்த்தாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். கொர்ரென்று சத்தம் வந்தது. லைன் உயிரோடுதான் இருந்தது. அடுத்த வெள்ளியும் அடிக்கவில்லை. அன்று கம்ப்யூட்டர் மட்டும் எழுந்தது. காணவில்லை என்றது. அம்மா ஒட்டடைக் குச்சியைத் தேடவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து, "யாருன்னு சொல்லித் தொலையேன்" என்று அதனிடமே கேட்டாள். நான் போய் வாசல் கதவைத் திறந்துவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் மறுபடி உறுமல். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இதை உடனே தூக்கிட்டுப் போகச் சொல்றேன்" என்று, மாமாவின் கடைக்குப் போன் போட ரிசீவரை எடுத்தாள். நம்பரை அழுத்தப்போன விரல் அப்படியே நின்றது.

மணி அடிக்காத போனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "யாரு?" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்களா? எங்க இருக்கீங்க?"

"அம்மாவைப் புடிச்சிடுச்சுடா" என்று அக்கா என் சட்டையைப் பிடித்தாள். நான் ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குத் தயாரானேன்.

"நானா எடுக்கல? அடிக்கவே இல்லீங்களே... தினமுமா?" என்றாள் அம்மா. லைன் அறுந்துபோனது. அவள் எங்களைப் பார்த்து, "அத்தாதான்" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

சாயங்காலம் மாமா ஓடிவந்தார். போனைக் கவிழ்த்துப் பார்த்தார். மணிச் சத்தத்துக்கான சின்ன சுவிட்ச் அடியில் இருந்தது. அவர் தரையில் இறக்கியபோதே அது 'ஆஃப்' பக்கம் நகர்ந்திருக்கிறது. பிறகு நீலத் திரையை வரவழைத்துப் பார்த்துத் தலையில் கைவைத்தார். போன் வந்தால் கம்ப்யூட்டர் தானே எழுந்துகொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வரி. அதையும் அவர்தான் எனேபிள்ட் ஆக்கியிருந்தார். ஆக, அது எழுந்த ஒவ்வொரு மத்தியானமும் அத்தா கூப்பிட்டிருக்கிறார். கடைசியில், முன்பக்கத் துளையில் சிக்கியிருந்த ஃப்ளாப்பி ஒன்றை உருவினார். தோழி வீட்டிலிருந்து அக்கா கொண்டுவந்து செருகி மறந்தது. கம்ப்யூட்டர் முதலில் அதற்குள் தேடி, கிடைக்காமல், காணோம் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. உருவியதும் பழைய படம் பளிச்சென்று வந்தது. மாமா தாயத்தைத் தொட்டு, "வேலை செய்யுதுக்கா" என்றார்.

அம்மா போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு மணி என்றால் நல்லா இருக்கேன். தினமும் அடித்திருக்கிறார் என்றால் எவ்வளவு நல்லா இருக்க வேண்டும்! எதிர்வீட்டு மாமியிடம் போய் அப்படியே சொன்னேன். மாமி என் தலையைத் தடவி ஒரு முறுக்கு கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் போன் நிஜமாகவே அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை. அம்மா எடுத்தாள். முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது, சரிசெய்யவில்லை. நான் ரிசீவரின் பின்பக்கம் காதை ஒட்டிக்கொண்டேன்.

"கம்பெனியைப் பூட்டினா பூட்டிட்டுப் போறாங்க... வேற கம்பெனியெல்லாம் தேட வேணாம்... ஒண்ணும் வாங்காதீங்க. கையை வீசிட்டு வாங்க. ஆளு வந்தாப் போதும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஜின்னைக்கூட மன்னித்திருப்பேன். சவூதியிலிருந்து வருகிற மனுஷரைப் போய் வெறுங்கையோடு வரச்சொல்கிறவள் இந்தப் பாலக்கரையில் வேறு யாராவது உண்டா? ரிமோட் கார் ஒன்றாவது கேட்கலாம் என்று ரிசீவரை இழுத்தேன். அம்மா விடவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அத்தா பேசாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அவருக்கு எப்படி ஜலதோஷம் பிடித்தது என்று அக்காவிடம் கேட்டேன்.