திருப்தியா இருந்துச்சுங்களா?

ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவரைக்கூட மன்னித்துவிடுவார்கள், கருத்துப் படிவமும் கையுமாக வந்து "எங்க சேவை எப்படிங்க?" என்று கேட்பவரை மன்னிக்கவே மாட்டார்கள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருஷமாக எனக்கு அந்த வேலைதான். போனில் "ஒரே நிமிஷம் சார்" என்று கெஞ்சிப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

தியேட்டரிலிருந்து ஐந்து நட்சத்திரம்

சேர்ந்த முதல் மாதம். ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த பெரியவரின் படிவம் என் மேஜைக்கு வந்தது. எல்லாக் கேள்விக்கும் ஐந்து நட்சத்திரம், கீழே கைநாட்டு. போட்டிருந்த நேரம் காலை பத்தரை. பத்தரைக்கு அவர் தியேட்டரில் மயக்கத்தில் கிடந்தார். ஸ்ட்ரெச்சர் போனதை நானே பார்த்தேன். பதறிப்போய் வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் மருந்துத் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"முழிச்சிருந்தாலும் அவரு இதத்தான் போட்டிருப்பாரு, போங்க."

கேட்டுக்கு வெளியே

ஆலங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் குடல்வால் ஆபரேஷன். கூட இருந்த மனைவி, நான் எதைக் கேட்டாலும் "நல்லாப் பாத்துக்கிறாங்க" என்று ஐந்து ஐந்தாகப் போடச் சொன்னார்.

டிஸ்சார்ஜ் அன்று கணவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, என் கையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே இழுத்துப் போனார். ஆபரேஷனுக்கு மறுநாள் மத்தியானம், சிறுநீர் போகாமல் வயிறு உப்பி கணவர் கதறியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் பெல்லை அமுக்கியும் யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்த ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாராம். "அன்னைக்கே ஏம்மா சொல்லல?" என்றேன்.

"அவரு உசுரு உள்ள இருக்கையில குறை சொல்ல, நான் என்ன பைத்தியமா ஆத்தா?"

டிஸ்சார்ஜ் பட்டியல்

வீட்டுக்குப் போனவர்களை ஒரு வாரம் கழித்துப் போனில் கூப்பிட வேண்டும். கீரனூர் நம்பர் ஒன்று, மகன் எடுத்தார். "அப்பா உடம்பு இப்ப எப்படி இருக்குங்க? எங்க சேவைக்கு எத்தனை மார்க் போடுவாரு?" என்று மனப்பாடமாகக் கேட்டுவிட்டேன். அப்பா எங்கள் ஐசியூவிலேயே இறந்துவிட்டார் என்றார். கம்ப்யூட்டரில் அதுவும் டிஸ்சார்ஜ்தான்! மன்னிப்புக் கேட்டு போனை வைக்கப் போனேன், அவர் விடவில்லை.

"பஞ்சுல தண்ணி நனைச்சு அவரு ஒதட்டுல வச்ச சிஸ்டருக்கு அஞ்சு போடுங்க, கடைசியா மூஞ்சியப் பாக்க எங்கள உள்ள விடாதவங்களுக்கு எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க."

போர்டு

அந்த இரண்டையும் அப்படியே எழுதி, நேராகப் பெரிய டாக்டரிடம் நீட்டினேன். படித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஐசியூவுக்குப் போன் போட்டார். அந்த வாரமே, ஐசியூவுக்குள் வீட்டாள் ஒருவரை விட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தோடு ஒரு நாள் வேலைக்கு வந்தால், வரவேற்பறையில் புது போர்டு: 'எங்களிடம் சிகிச்சை பெற்ற அனைவருக்கும் முழுத் திருப்தி'. வெப்சைட்டிலும் அதே. நான் எழுதிக் கொடுத்த குறைகள் எங்கே என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"அவங்க இன்னும் திருப்தி ஆகலையேம்மா, ஆனதும் சேத்துக்குவோம்."

திருப்தியா என்று கேட்பதற்கு ஆள் போடும் இந்தத் தொழிலில், பதிலைக் கேட்பதற்குத்தான் யாருக்கும் டியூட்டி போடுவதில்லை.