வீட்டுக்குள் போட்ட சட்டம்

மகளுக்கு மூன்று வயதானபோது எங்கள் ஜார்ஜ்டவுன் ஃப்ளாட்டில் ஒரு சட்டம் போட்டேன். அவள் காதுபட யாரும் தமிழ் பேசக் கூடாது, ஆங்கிலம் மட்டும்தான். அதற்குச் சில மாதங்கள் முன்பு, புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்கான நேர்முகத்தில் ஆங்கிலம் வராமல் திணறி, என்னிடம் வேலை பழகியவனிடமே அந்த இடத்தைப் பறிகொடுத்திருந்தேன். அந்த அவமானம் பிள்ளைக்கு வரக் கூடாது என்று ஒரு வெறி. நானும் மாலை வகுப்புக்குப் போய் ஒருவழியாகத் தேறிவிட்டேன்.

என் மனைவி தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். சரியான வாயாடி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட இறங்குவதற்குள் உறவு கண்டுபிடித்துவிடுவாள். அவளுடைய மலாய், பாசாரில் மீன் வாங்கப் போதும். ஆங்கிலம் அதைவிடக் குறைவு. 'கம்', 'சிட்', 'ஸ்டடி', 'டோன்ட்'. இவற்றை வைத்துக்கொண்டுதான் பிள்ளை வளர்த்தாள்.

"ஏங்க, கொஞ்சறதுக்கு இங்கிலீசுல என்னா சொல்லணும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பேசப் பேச வந்துரும்லா," என்றேன். வரவில்லை.

தங்கையோடு போனில் பேசும்போது மட்டும் பழைய சிரிப்பு கேட்கும். மகள் அடுப்படிக்குள் நுழைந்தால், கையும் களவுமாக மாட்டியவள்போல் பேச்சை நிறுத்திவிடுவாள்.

மகள் நன்றாகப் படித்து மெல்பர்னில் வேலைக்குப் போனாள். அம்மாவுக்குத் தன்மேல் பாசமே இல்லை, ஏச மட்டும்தான் தெரியும் என்று ஒருநாள் போனில் சொன்னாள். அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, கோழை.

போன வருஷம் மனைவிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. மகள் ஓடிவந்து மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மனைவி அவளிடம் தமிழில் பேசினாள்.

"ஒன்ன ஏசறதுக்கு மட்டுந்தாம்மா எனக்கு இங்கிலீசு தெரிஞ்சிச்சு. சின்னப் புள்ளயில நீ தூங்குனப்புறம் பக்கத்துல ஒக்காந்து தமிழ்ல கொஞ்சுவேன். ஒனக்கு எங்க கேட்டிருக்கப் போவுது."

அம்மா என்ன சொல்கிறாள் என்று மகள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். சொன்னால், அந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று மகள் என்னைப் பார்ப்பாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கமானதுதானே என்பதுபோல் மகள் தலையாட்டினாள்.

அவ்வளவு ஆங்கிலம் என் மனைவிக்கும் புரியும். என்னையே சற்று நேரம் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு மகளின் கையை விட்டுவிட்டு, "ஓகே. யூ கோ, ரெஸ்ட்," என்றாள்.

மகளிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. மகளுக்கு நான் இன்னும் எதையும் சொல்லவில்லை.