இரண்டு கேன் தண்ணீர்

என் புருஷன் இளைத்ததைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். மற்றவர்களுக்கு நாத்தனார் வளையலைப் பார்த்து வயிறு எரியும், பக்கத்து வீட்டுக்காரியின் புடவையைப் பார்த்து எரியும். எனக்கு எரிந்தது கட்டின புருஷனின் இடுப்பைப் பார்த்து.

மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் எனக்கு வேலை. அதற்கு முன் பதினைந்து வருஷம் உப்பளத்தில் கூடை சுமந்தேன். அப்போது சட்டி நிறையச் சோறு தின்பேன், உடம்பில் ஒரு பிடி சதை ஒட்டாது. கொட்டகைக்கு வந்து உட்கார்ந்த இடத்திலேயே பாக்கெட்டுக்கு வாய் ஒட்ட ஆரம்பித்த பிறகு சுமை போய்விட்டது, சோறு மட்டும் அப்படியே நின்றது. ஆறு வருஷத்தில் எழுபத்தெட்டு கிலோ ஆனேன்.

"சக்கரை பார்டர்ல நிக்குதும்மா" என்றார் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா. "மூணு மாசம் டைம் தர்றேன். தினம் நடங்க, சோத்தக் கொறைங்க, அஞ்சு கிலோவாவது எறங்குங்க. இல்லன்னா மாத்திரை ஆரம்பிச்சிடுவேன்."

மாத்திரையை விழுங்க எனக்கென்ன பயம். என் அம்மா சர்க்கரையில்தான் போனாள். முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் இடது கால் பெருவிரல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எதுவுமில்லை. அந்த வரிசையில் முதல் படியில்கூடக் கால் வைக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அம்மா பெருத்த உடம்புக்காரி. அதனால் சர்க்கரை என்றாலே குண்டாக இருப்பவர்களைத் தேடி வரும் சங்கதி என்று என் மனசில் பதிந்துபோயிருந்தது.

மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். ஈசிஆர் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பயந்து, உப்பளத்து வரப்பில் நடந்தேன். என் புருஷனும் இரண்டு நாள் கூட வந்தார். மூன்றாம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"நாள் பூரா வெயில்ல உப்பு வார்றேன். அதுக்கு முன்னாடி ஒரு நடை வேறயா? நீ போயிட்டு வா."

நான் போய்விட்டு வந்தேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் ஒரு கிண்ணம் சோறும் இரண்டு கிண்ணம் கீரையும், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி. அவர் காலையில் பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. வீட்டுக்கு வந்ததும் மறுபடி சோறு. அப்படி ஒரு பசி அவருக்கு. எதிரில் உட்கார்ந்து வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மூட்டை எடை போடும் தராசில் நாங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறி இறங்குவோம். என் எடையை மட்டும் தூணில் சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். என்னை அழைத்துப்போக வண்டியோடு வந்து நிற்கும் அவரையும் ஒரு நாள் விளையாட்டுக்கு ஏற்றினார்கள். எழுபத்து நான்கு. அதையும் என் எடைக்குப் பக்கத்தில் எழுதினார்கள். அன்றிலிருந்து வந்தது வினை.

முதல் மாசம் நான் ஒரு கிலோ இறங்கினேன். அவர் மூன்று. இரண்டாவது மாசம் நான் இன்னும் அரைக் கிலோ, அவர் இன்னும் மூன்று. வரப்பில் நடந்து குதிகால் வெடித்தவள் நான். பரோட்டா தின்றவர் அவர். தூணில் அவர் பக்கம் எண் சரசரவென்று இறங்கியது. என் பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது.

"அண்ணன் மாப்ள மாதிரி ஆயிட்டாரு. உனக்குதான் ஒண்ணும் எறங்கல" என்றாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுபவள்.

"அவருக்கென்ன, குடுத்து வெச்ச உடம்பு" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது அந்த மூன்று மாசத்தில் நன்றாகப் பழகிவிட்டது.

அனுமந்தையில் என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. அவர் பழைய பேண்டை பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு மறு வருஷம் தைத்தது. அது இடுப்பில் லூசாக நின்றது. நாத்தனார் தம்பியை மேலும் கீழும் பார்த்துப் பூரித்துப்போனாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பி ஒழைக்கிறவன், அதான் ஒடம்பு கல்லு மாதிரி இருக்குது. நீ நெழல்ல ஒக்காந்து வேல செய்யறே. இன்னா நடந்து இன்னா ஆவப் போவுது?"

பந்தியில் எனக்குச் சோறே இறங்கவில்லை. பாயசத்தை அவர் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ போட்டபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவர் டீக்கு எப்போதும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மூன்றாவது ஸ்பூனையும் போட்டுக் கலக்கினேன். ஏறட்டும், இவருக்கும் கொஞ்சம் ஏறட்டும் என்று நினைத்துத்தான் போட்டேன், வேறு எதற்கும் இல்லை. மறுநாளும் போட்டேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. தட்டிலும் ஒரு கரண்டி சோறு கூட வைத்தேன். ஆனாலும் அவர் எடை இறங்கியது.

உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து கேனில் எடுத்துப் போக வேண்டும், சூடேறாமலிருக்க ஈரச் சாக்கைச் சுற்றி. அவருக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று. அதை நிரப்புவது தினம் என் வேலை. அந்தக் கோடையில் ஒன்று போதவில்லை என்று இரண்டாவது கேன் வாங்கினார். இரண்டும் காலியாகத்தான் திரும்பி வந்தன. உப்புக் காற்றில் நிற்பவனுக்குத் தாகம் எடுப்பதை யார் கேள்வி கேட்பார்கள்? ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து வெளியே போனார். அத்தனை தண்ணீர் குடித்தால் போகத்தானே வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாசக் கடைசியில் கொட்டகைக்கு நர்ஸ் வந்தார், விரலில் குத்தி சர்க்கரை பார்க்க. எனக்கு நூற்று இருபத்தெட்டு வந்தது. சாப்பிட்டபின் இது நல்ல எண், குறைந்திருக்கிறது என்றார். மூன்று கிலோதான் இறங்கியிருந்தேன், ஆனாலும் நடந்தது வீண் போகவில்லை என்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் வண்டியோடு நின்றவரைக் கைதட்டிக் கூப்பிட்டேன். தராசில் அவர் ஜெயித்துவிட்டார், இதிலாவது அவரை ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

"எனக்கு எதுக்கு?" என்றார்.

"பயமா? ஒரு குத்துதானே, குடுங்க வெரல."

மெஷினைப் பார்த்த நர்ஸ் வேறொரு விரலைக் கழுவச் சொல்லி மறுபடி குத்தினார். நானூற்று பன்னிரண்டு.

"ரொம்ப தாகம் எடுக்குதாண்ணே?"

"உப்பளத்து வேலைங்க. தாகம் எடுக்காம எப்படி?"

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ குடிப்பாருக்கா?"

"முன்னாடி ஒரு கேன். இப்போ ரெண்டு." தினம் நிரப்பிக் கொடுத்த கை என் கை. அம்மாவும் கடைசிக் காலத்தில் சொம்பு சொம்பாகக் குடித்தாள். ஆனால் அம்மா குண்டு, இவர் ஒல்லி. இளைப்பதைப் பார்த்து நான் வயிறு எரிந்துகொண்டிருந்தேன், அவரை உருக்கிக்கொண்டிருந்தது அதே சர்க்கரை.

"டீல சக்கரை எவ்ளோ போடுவீங்க?"

"ரெண்டு ஸ்பூன்" என்றார் அவர்.

இப்போது மாத்திரையும் ஊசியும் அவருக்கு. நான் ஏறக் கூடாது என்று பயந்த படியில் அவர் ஏறி நிற்கிறார். கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன, தினம் நானே விரல் விரலாகப் பார்க்கிறேன். காலையில் என்னோடு வரப்பில் நடக்கிறார், எனக்கு நாலடி முன்னால். டாக்டரம்மா அவர் இழந்த எடையை ஏற்றுவதற்கு தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதே கேழ்வரகுக் கூழ்தான். அந்த முட்டையை உரிக்கும்போது இன்றும் கொஞ்சம் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். கேன் ஒன்றாகக் குறைந்துவிட்டது. சாயங்காலம் அதில் மிச்சம் எவ்வளவு என்று குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

போன வாரம் சர்க்கரை இல்லாத டீயைக் கொடுத்துவிட்டு, மனசு தாங்காமல் அந்த மூன்றாவது ஸ்பூனைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"ஏங்க, அனுமந்தை போயிட்டு வந்ததுலருந்து உங்க டீல நான் ஒரு ஸ்பூன் கூடப் போட்டேன்."

"தெரியும்" என்றார். "அன்னிக்கே நாக்குல தெரிஞ்சிடுச்சு. என்னிக்கும் இல்லாம என் மேல ஆசை வந்து போடறேன்னு நெனச்சிக்கினேன். அதான் நர்ஸுகிட்டகூட சொல்லல."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.