உறைபனி ஊரில் நான் மூடிய குழாய்

பிப்ரவரி முதல் வாரம், விடியற்காலை நாலே முக்கால். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு கால் டாக்ஸி நானூற்று ஐம்பது ரூபாய். டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டே, "எங்கங்க, சென்னையா?" என்று கேட்டார். "லடாக்குங்க" என்றேன். மனுஷன் ஏசியை அணைத்துவிட்டார்.

அரியமங்கலத்தில் எங்கள் பட்டறையில் இரும்புக் கணப்பு செய்கிறோம். விறகோ வறட்டியோ போட்டு எரித்தால், சுற்றியுள்ள தொட்டித் தண்ணீர் சூடாகிக் குழாய் வழியே அடுத்த அறையையும் சூடாக்கும். லேயிலிருந்து நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைக் கிராமம். அதன் மருத்துவ அறைக்கு ஒன்று அனுப்பியிருந்தோம். பொருத்திக் கொடுக்க வேண்டியது நான். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. வெட்கம்தான் காரணம்.

சென்னை, டெல்லி மாறி மறுநாள் காலை லேயில் இறங்கினேன். பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள். அறை வாடகை நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. எனக்கென்ன என்று மாடிப்படி ஏறினேன். பதினோராவது படியில் உட்கார்ந்துவிட்டேன். அலசிப் போட்ட சுடிதார் அரை மணியில் பலகை மாதிரி விறைத்து நின்றது. இதெல்லாம் ஒரு ஊரா என்று வாய்விட்டே திட்டினேன்.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு வண்டி. போய்த் தங்கித் திரும்ப வாடகை எட்டாயிரம். டிரைவர் ஸ்டான்சின், முப்பது வயது இருக்கும், அதே கிராமத்துக்காரர். என் ஹிந்தி ரயில்வே பிளாட்பாரத்தில் கற்றது. பேசியதையெல்லாம் இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"உங்க ஊர்ல குளிரே கிடையாதா மேடம்?"

"ஏன் இல்லாம? மார்கழியில ஸ்வெட்டர் போடுவோம்."

"எத்தனை டிகிரி?"

"இருபது."

ஸ்டான்சின் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அன்று காலை லேயில் மைனஸ் பதினெட்டு.

ஊர் போய்ச் சேர மதியம் ஒன்றரை. மொத்தம் பதினெட்டு வீடு. கீழே ஆறு உறைந்து வெள்ளைக் கல்லாகக் கிடந்தது. நான் தங்கியது அங்மோ என்ற பெண்மணியின் வீட்டில். அவருக்கும் என் வயதுதான், நாற்பத்து மூன்று. உப்பும் வெண்ணெயும் போட்ட டீயைக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாயசம் என்று நினைத்து ரசம் குடித்த கதைதான். அங்மோ அதைக் கவனித்துவிட்டு, கேட்காமலே அடுத்த டம்ளரில் சர்க்கரை போட்டார். எனக்காக ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோறு வடிப்பதாகச் சொன்னார்.

மாலை ஐந்து மணி. அவர் சமையலில் இருந்தார். நான் மருத்துவ அறையைப் பார்க்கக் கிளம்பினேன். வழியில் ஊர்ப் பொதுக் குழாய். அதில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது! கேட்பார் இல்லை. சுற்றிலும் இடுப்பளவு பனிக்கட்டி. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு ஆற்றுக்கு நடுவே குடியிருந்தும் கோடையில் லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றவள் நான். எங்கள் தெருவில் ஒழுகுகிற குழாயைக் கண்டால் யார் வீட்டுக் குழாய் என்று பார்க்க மாட்டோம், மூடிவிட்டுத்தான் நடப்போம். இங்கே திருகுமேல் கம்பளித் துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. எவ்வளவு பொறுப்பில்லாத ஜனங்கள் என்று முணுமுணுத்தபடி பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். சொட்டுகூட விழாமல் மூடினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளியே சத்தம். போய்ப் பார்த்தால் குழாயடியில் ஊரே நிற்கிறது. நடுவில் அங்மோ தலைகுனிந்து நிற்கிறார். ஒருவர் அவரைப் பார்த்துக் கை நீட்டி நீட்டிப் பேசுகிறார். குழாய் வெடித்து வாய் பிளந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்று ஸ்டான்சினைக் கேட்டேன்.

"தண்ணி ஓடிக்கிட்டே இருந்தாத்தான் மேடம் உறையாது. நின்னா போச்சு, குழாய் வெடிச்சிரும். ஏப்ரல் வரைக்கும் ஊருக்கு இது ஒண்ணுதான் குழாய்த் தண்ணி."

"அவங்களை ஏன் திட்டுறாங்க?"

"குழாயைப் பார்த்துக்கிற முறை வருஷத்துக்கு ஒரு வீடு. இந்த வருஷம் அவங்க வீடு. தினம் சாயங்காலம் ஒரு தடவை வந்து பார்க்கணும். நேத்து விருந்தாளி வந்ததால சமையல்லயே இருந்துட்டாங்களாம்."

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அத்தனை நேரமும் அங்மோ எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பத்து நிமிடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியில் முன்னால் போய், "நான்தான் மூடினேன்" என்றேன். ஸ்டான்சின் அதை அவர்கள் பாஷையில் சொன்னதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இப்போது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அங்மோ நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க மூடினீங்க. சரி. வந்தவங்ககிட்ட சொல்ல வேண்டியது யாரு? நான். சொல்லலை. சாயங்காலம் வந்தும் பார்க்கலை."

"இல்லைங்க, தப்பு என்னுது."

"உங்களுக்குக் குழாய் தெரியாது. எனக்குத் தெரியும். தப்பு என்னோடது" என்றார். கோபமாகத்தான் சொன்னார், என்னைச் சமாதானப்படுத்த அல்ல. ஊரும் அதை ஒப்புக்கொண்டது. ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அடி அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவருடைய முறையில் தண்ணீர் நின்றதால், ஊர் வழக்கப்படி பதினெட்டு வீட்டுக்கும் அவரே சுமக்க வேண்டும். ஆற்றுப் பனிக்கட்டியைக் கடப்பாரையால் உடைத்து, துளைக்குள் கேனை இறக்கி மொண்டு, அரை கிலோமீட்டர் மேட்டில் ஏற வேண்டும். நானும் போனேன். நான் ஒரு கேன் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவர் ஆறு நடை போய்வந்தார். ஒருமுறை நான் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் என் கேனையும் வாங்கிக்கொண்டார்.

மற்றவர்கள் குழாயடியில் வறட்டியைக் குவித்துக் கொளுத்தினார்கள். மண் இளக ஒன்றரை நாள் ஆனது. தோண்டிப் பார்த்தால், கீழே மடங்கும் இடத்தில் ஒரு அங்குல எல்போ என்கிற வளைவுத் துண்டும் அதற்கு மேலே இரண்டடிக் குழாயும் பிளந்திருந்தன. அதே அளவில் என் கணப்புக்குக் கொண்டுவந்தவை பெட்டியில் இருந்தன. எடுத்துப் பொருத்தினேன். மூன்றாம் நாள் மதியம் தண்ணீர் வந்தது. யாரும் கை தட்டவில்லை; கேனோடு வரிசையில் நின்றார்கள். அங்மோ மட்டும் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

கணப்புக்கு வேறு எல்போவும் குழாயும் லேயிலிருந்து வந்து சேர நாலு நாள். அறுநூற்று நாற்பது ரூபாய், என் கையிலிருந்து கொடுத்தேன். பொருத்தி முடித்து அறை சூடானதும் கிளம்பினேன். அங்மோ வண்டிவரை வந்து, "ஜூலே" என்றார். அங்கே வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறவும் அந்த ஒரே வார்த்தைதான். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நானும் சொன்னேன்.

திங்கள்கிழமை அரியமங்கலம். பட்டறையில் தகரம் முப்பத்திரண்டு டிகிரியில் தகித்தது. வேலை அறிக்கையில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு வருஷமாக அதில் மழை, லாரி, கரண்ட் என்று எழுதிவந்திருக்கிறேன். இங்கே எல்லாரும் அப்படித்தான். தப்பு ஒருவர் கையிலும் தங்காது. இந்த முறை 'ஊர்க் குழாயை நான் மூடியதால்' என்று எழுதினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குழாயை மூடினது நீங்கன்னு அவங்க புகார் எதுவும் அனுப்பலையேம்மா?"

"அனுப்பலை சார். அனுப்பவும் மாட்டாங்க."

"அப்புறம் என்னத்துக்கு? பனின்னு போடுங்க. இது மேலிடத்துக்குப் போனா இனிமே உங்களை வெளியூர் அனுப்ப மாட்டாங்க."

பேனாவை என் பக்கம் தள்ளினார். அதை எடுத்து, எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.