பளிச்சக்கா கழுவிய கோழி

மருத்துவமனைச் சமையற்கூடத்தின் தலைமைச் சமையற்காரரை எல்லோரும் பளிச்சக்கா என்றே அழைத்தார்கள். அவர் கை பட்ட கரண்டியில் முகம் பார்க்கலாம். புதிதாக வேலைக்கு வருபவரின் நகத்தைப் பார்த்த பிறகே அவர் முகத்தைப் பார்ப்பார் என்று ஒரு கேலி உண்டு. அது கேலியல்ல, நான் கண்டிருக்கிறேன்.

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சிலருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டதால், மாதிரி எடுத்துவர ஆய்வகம் என்னை அங்கே அனுப்பியது. உணவு வழியே பரவும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாதான் காரணம். வழக்கமான மருந்தைச் சிதைக்கும் மரபணு அதனிடம் இருந்ததால், மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. நோயாளிகளுள் ஒருவர் பளிச்சக்காவின் நாத்தனார், கணவரின் அக்கா. இடுப்பெலும்பு முறிந்து வந்தவர், தேறி எழ வேண்டிய நேரத்தில் துவண்டு கிடந்தார்.

"எங்க வேணா எடுத்துக்கோம்மா," என்று பளிச்சக்கா என் பஞ்சுக்குச்சிக்கு வழிவிட்டார். "என் கிச்சன்ல கிருமி இருந்தா, இந்தக் கரண்டிய அன்னைக்கே கீழ வச்சிடறேன்."

அப்போதுதான் வழக்கமான பண்ணையிலிருந்து அன்றைய கோழி வந்திறங்கியது. வேறு யாரையும் தொடவிடாமல், குழாயை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிக் கழுவினார். நீர் நாலாபுறமும் தெறித்தது. தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் ஒருவர் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கோழியிலும் அந்தப் பலகையிலும் குச்சியைத் தடவிக்கொண்டேன்.

கோழி, பலகை, நோயாளிகள் என மூன்றிடத்திலும் அதே பாக்டீரியா, அதே மரபணு. முடிவைச் சொல்ல நானே போனேன்.

"கோழியில வர்றது கொதிக்கும்போது செத்துடும்க்கா. கழுவறப்போ தெறிச்சுப் பலகைக்குப் போயிருக்கு. வெள்ளரிக்காயப் பச்சையாத்தானே கொடுக்கறோம்?"

"அப்போ கழுவாமயா போடணும்?"

"ஆமாக்கா."

அவர் மேலங்கியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு நாத்தனாரிடம் போனார். நானும் உடன் சென்றேன். நோயாளிகளின் ஆய்வக முடிவு முன்பே வந்திருந்ததால், மருத்துவர்கள் எல்லோருக்கும் மருந்தை மாற்றியிருந்தார்கள். நாத்தனாருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

"அண்ணி, உங்களுக்கு என் கையாலதான் வந்திருக்கு. கோழியக் கழுவினதுல..."

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணமாகி வந்த அன்னைக்கு நீ மொறச்ச மொறப்புக்கு, விஷம் வைப்பேன்னு நெனச்சேன். கழுவியே கொல்லப் பாத்தியாடி?"

"நான் வேலைய விட்டுடறேன் அண்ணி."

"விட்டுட்டு? தெனமும் என் வீட்டுக்கு வந்து அலமாரியத் தொடைப்பியா? ஆள விடு தாயே! போய் எனக்கு ஒரு சூப் வை." சிரித்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பளிச்சக்கா கோழிப் பொட்டலத்தைப் பிரித்தார். வலக்கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டார். கசப்பு மருந்து விழுங்கும் குழந்தையைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டுகளை அப்படியே பானையில் இறக்கினார். பிறகு கையைத் தேய்த்துக் கழுவினார். வெள்ளரிப் பலகையை அறையின் மறுகோடிக்கு மாற்றச் சொன்னார்.

நன்கு கொதித்த சூப்பின் முதல் கோப்பை நாத்தனாருக்குப் போனது. காலியாகத் திரும்பிய கோப்பையோடு செவிலியர் ஒரு செய்தியும் கொண்டுவந்தார்.

"'அழுக்கு நல்லா ருசியா இருக்கு, இன்னொரு கப் வேணும்'னு சொல்லச் சொன்னாங்க."

"வாயப் பாரு," என்றபடி பளிச்சக்கா கரண்டியை எடுத்தார்.