மூன்று மணிக்குள் வேட்பு மனு

வேட்பு மனு தட்டச்சு செய்கிற எனக்குத் தேர்தலில் ஜெயித்தவர்களைத் தெரியாது. தோற்றவர்களை நன்றாகத் தெரியும். காஞ்சிபுரம் தொகுதியில் எந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர், அதாவது சுயேச்சைகள், என் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு ஃபோல்டராக இருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, வாரிசுச் சான்று ஃபாரங்கள் ஆளை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீங்களும் வரிசையில் நின்றவர்கள்தான். வேட்பு மனு அதைவிடப் பெரிய ஃபாரம், அவ்வளவுதான்.

அறிமுகம் இல்லாத பதினோரு பேர்

சுயேச்சையாக நிற்க, தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். பட்டு நெசவு செய்கிற ஏகாம்பரம் அண்ணன் தன் தெருவிலேயே பத்துப் பேரையும் பிடித்துவிட்டார். தறியைப் பாதியில் விட்டு எழுந்து வந்து போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்குச்சாவடி.

முடிவு வந்து ஒரு மாதம் கழித்து, சாவடி வாரியான விவரத்தைப் பிரிண்ட் எடுக்க வந்தார். அவருடைய சாவடியில் அவருக்கு ஆறு ஓட்டு, அவர் ஓட்டையும் சேர்த்து. பத்துப் பேர் பட்டியலை ஒரு தடவை, அந்த ஆறை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். முசரவாக்கத்தில் ஒரு சாவடியில் பதினோரு ஓட்டு விழுந்திருந்தது. அந்த ஊருக்கு அவர் பிரச்சாரத்துக்கே போகவில்லை. ஒருநாள் போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்களேன் என்றேன்.

"வேணாம்மா. நேர்ல பாத்துட்டாங்கன்னா அடுத்த வாட்டி போடமாட்டாங்க."

அதே பெயர், அதே இனிஷியல்

ஒரு தேர்தலில், பெரிய வேட்பாளர் ஒருவரின் பெயரும் இனிஷியலும் அப்படியே உள்ள ஓட்டல் மாஸ்டர் ஒருவரை இரண்டு பேர் அழைத்து வந்தார்கள். ஓட்டைப் பிரிக்கத்தான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு பேரே பதில் சொன்னார்கள். தொழில் என்ன என்றதற்கு "சமூக சேவை" என்றார் ஒருவர். "பரோட்டா," என்றார் மாஸ்டர். அவர்கள் முன்னால் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அவர்கள் போட்டோ எடுக்க ஆள் கூப்பிடப் போனதும் என் பக்கம் குனிந்தார். சாயங்கால டியூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பித்தவறி நான் ஜெயிச்சிட்டா இவங்க என்னைய உட்ருவாங்களாம்மா?"

கல்வித் தகுதி

ஏனாத்தூரில் காலேஜ் பசங்களுக்கு மெஸ் நடத்துகிற ஒருவர் மனைவியோடு வந்தார். உறுதிமொழிப் பத்திரத்தில் மனைவியின் விவரமும் கேட்பார்கள். கல்வித் தகுதி என்ற இடம் வந்ததும், "பி.ஏ. போடுங்க," என்றார். எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று கேட்டேன். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றார். இது சத்தியம் செய்து கொடுக்கிற காகிதம், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள் என்றேன். மனைவியை டீ சொல்லிவிட்டு வரச்சொன்னார். அந்த அம்மா வாசலைத் தாண்டியதும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "பத்தாவது. பாஸ்னு போட்டுடாதீங்க," என்றார்.

தட்டி முடித்து நிமிர்ந்தேன். சர்க்கரை போடலாமா என்று கேட்கத் திரும்பி வந்த மனைவி, அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புருஷனை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா கைல இந்த ஃபாரம் இருந்திருக்கணும்மா."

பத்தாவது ஆள்

இது என் தப்பு. எஸ்தர் அக்கா ஓரிக்கைப் பக்கம் ஒரு காலனியில் தையல் கடை வைத்திருப்பவர். போன மழையில் அவர் மாமனாரின் பெட்டியை முழங்கால் தண்ணீரில் இடுகாட்டுக்குத் தூக்கிப்போனார்கள். இரண்டு இடத்தில் பெட்டி சாய்ந்தது. அந்தப் பாதைக்காக நிற்கிறேன் என்று வந்தார். கடைசி நாள், மணி இரண்டேகால். மூன்று மணிக்குள் மனு உள்ளே போக வேண்டும். முன்மொழிகிறவர்களில் ஒன்பது பேரை வாக்காளர் பட்டியலில் சரிபார்த்தேன். பத்தாவது ஆள் அட்டையைக் கொண்டுவரவில்லை. "அவரும் எங்க தெருதாம்மா," என்றார் அக்கா. அவர் சொன்ன வாக்காளர் எண்ணையே அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பரிசீலனையில் மனு தள்ளுபடி. பத்தாவது ஆள் குடியிருப்பது அந்தத் தெருவில்தான். ஓட்டு மட்டும் பழைய விலாசத்தில், பக்கத்துத் தொகுதியில் இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் அக்கா கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்று, "பாத்திருக்கணும்கா. நான்தான் பாக்கல," என்றேன். அக்கா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, மனு ஏற்கப்பட்ட வேட்பாளர்கள் அத்தனை பேருக்கும் அடித்துத் தரச்சொன்னார். "எங்கள் காலனி ஓட்டு வேண்டுமானால் ஒருமுறை எங்கள் இடுகாடு வரை நடந்து வரவும்" என்பதுதான் விஷயம். மூன்று முறை படித்துப் பிழை பார்த்தேன்.

மூன்று பேர் நடந்தார்கள். ஒருவரின் செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. தேர்தல் முடிந்து, அடுத்த மழைக்கு முன்னால் ஜல்லி கொட்டிப் பாதை போட்டார்கள், பாதி தூரத்துக்கு. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து அக்கா பிரிண்ட் கேட்டார். மீதிக்கு என்னக்கா செய்வீர்கள் என்றேன்.

"அடுத்த எலெக்‌ஷன் வருதில்ல. பத்தாவது ஆள நானே பாத்துக்கறேன், நீ டைப் மட்டும் அடி."

என் கை பட்ட மனு ஒன்றுகூட இதுவரை சட்டசபைக்குப் போய்ச் சேரவில்லை என்றாலும், அதை ஒரு குறையாகச் சொல்லி வேறு கடைக்குப் போன வேட்பாளர் எவரும் இல்லை.